மருந்தின் நான்காம் கூறு

மருத்துவக் கண்டுபிடிப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவன புதிய மருந்தும் புதிய கருவியுமே. வணிக விளம்பரங்கள் நம்மை அவ்வாறே பழக்கிவிட்டன. ஆனால், கடந்த நூற்றாண்டில் ஒரு பெருநோய்க்குரிய மருத்துவத்தின் போக்கையே மாற்றிய கண்டுபிடிப்பு ஒன்று மருந்தும் அன்று, கருவியும் அன்று. நோயாளியை எங்கு வைத்துப் பண்டுவம் பார்ப்பது என்னும் எளிய வினாவுக்குக் கிடைத்த விடை அது. அவ்விடை பிறந்த இடம் சென்னைச் சேத்துப்பட்டு. ஈன்ற தாய் மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் பொதுத்துறை. உலக மருத்துவர் போற்றும் இச்செய்தியை, அவ்வழியே நாள்தோறும் சென்றுவரும் நம்மவருட் பலர் அறியார்.

காசநோய் என வழங்கும் என்புருக்கி நோய் மாந்த இனத்தின் பழம்பகை. நோய்முதலை அழிக்கும் மருந்து இல்லாத காலத்தில், தூய காற்றும் நல்லூணும் நெடிய ஓய்வுமே அதற்கு மருத்துவமாகக் கொள்ளப்பட்டன. அதன்பொருட்டு ஊர்ப்புறத்தே நலம்பேணகங்கள் எழுந்தன. 1928-இல் மருத்துவர் சவுரிமுத்து தாம்பரத்துக்கருகில் அத்தகைய ஒன்றை நிறுவினார். 1937-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அங்குள்ள தொடர்வண்டி நிலையம் இன்றும் சானடோரியம் என்றே பெயர் தாங்கி நிற்கின்றது.

1944-இல் இசுட்ரெப்டோமைசின் என்னும் மருந்து பற்றிய செய்தி வெளிவந்தது. 1952-இல் ஐசோனியாசிடு மருத்துவ வழக்குக்கு வந்தது. பின்னது விலை குறைந்தது, வாய்வழி விழுங்கத்தக்கது. நோயை வெல்லும் படைக்கலம் கைக்கு வந்துவிட்டது. ஆயினும், அம்மருந்தைக் கொடுப்பதற்கும் நோயாளியை நலம்பேணகப் படுக்கையிற் கிடத்தியே ஆகல் வேண்டும் என்னும் பழங்கொள்கை நீங்கவில்லை. படுக்கை எங்கே? நோயாளரோ பன்னூறாயிரவர், படுக்கைகளோ சில்லாயிரம். மருந்து இருந்தும், படுக்கை இன்மையால் மாந்தர் மாய்ந்தனர்.

இந்நிலையில்தான் 1956-இல் சென்னை மாநில அரசும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், உலக நலவாழ்வு அமைப்பும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஒன்றுகூடிச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நடுவத்தை நிறுவின. வாலசு பாக்சு என்னும் பிரித்தானிய மருத்துவர் அதனை முதற்கண் வழிநடத்தினார். அந்நடுவம் எடுத்துக்கொண்ட வினா இதுவே: ஏழை நோயாளியை அவன் குடிசையிலேயே இருக்கவிட்டு மருந்து கொடுத்தால் நோய் தீருமா, தீராதா?

ஆய்வின் அமைப்பு நேர்மையானது. சென்னையின் நெருக்கடி மிக்க பகுதிகளில் வாழ்ந்த, கோழையில் நோய்க்கிருமி காணப்பட்ட, இருநூற்றுக்குச் சற்றுக் குறைந்த நோயாளர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எவருடைய விருப்பு வெறுப்பும் நுழையாவண்ணம், திருவுளச்சீட்டை ஒத்த முறையில், அவர்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். இரு பிரிவார்க்கும் ஓராண்டுக் காலம் ஐசோனியாசிடு, பி.ஏ.எசு. என்னும் அவ்விரு மருந்துகளே. ஒரு பிரிவார் நலம்பேணகத்தில் நல்லூணும் ஓய்வும் செவிலியர் பேணலும் பெற்றனர். மறுபிரிவார் தம் ஓலைக்குடிலில், அரைவயிற்றுக் கஞ்சியோடு, வீட்டு வேலையும் கூலிவேலையுமாய் வாழ்ந்து மருந்துண்டனர்.

1959-இல் முடிவு வெளியாயிற்று. இரு பிரிவிலும் பத்தில் எட்டுப் பேருக்கு மேற்பட்டோர் கோழையில் கிருமி நீங்கி நலம் எய்தினர். நலம்பேணகத்தார் சற்று மேம்பட்டிருந்தனர், அவ்வளவே. ஐந்தாண்டுகள் தொடர்ந்து நோக்கிய பின்னும் பெருவேறுபாடு தோன்றவில்லை. நோயாளி வீட்டிலிருந்ததால் மனைவி மக்களுக்கு நோய் மிகுதியாய்த் தொற்றியதா எனவும் பார்த்தனர்; அதுவும் இல்லை. பண்டுவம் தொடங்குமுன் தொற்றியதே தொற்று என்பது புலனாயிற்று. நோயாளியைக் குடும்பத்தினின்று பிரித்து ஊர்க்கோடியில் ஒதுக்கிய நெடுநாளைய வழக்கம் அடித்தளம் ஆட்டங்கண்டது. பின்னாளில் உலகெங்கும் நலம்பேணகங்கள் மூடப்பட்டதற்கும், 1962-இல் தொடங்கிய இந்திய நாட்டுக் காசநோய்த் திட்டம் வீட்டு மருத்துவத்தை முதன்மையாகக் கொண்டதற்கும் இவ்வாய்வு பெருந்துணையாயிற்று.

ஈண்டு ஓர் உண்மையை நடுவுநிலை பிறழாது கூறல் வேண்டும். ஐசோனியாசிடின் ஆற்றலைக் கண்டறிந்ததில் வணிக மருந்து நிறுவனங்களுக்குப் பங்குண்டு. அதனை மறுத்தல் அறமன்று. ஆயின், மருந்தை ஏழையின் வாய்க்குக் கொண்டுசேர்க்கும் வழியை அவை காணவில்லை. காணவும் மாட்டா. படுக்கைக்குக் கூலி பெறும் மருத்துவமனை, படுக்கை வேண்டுவதில்லை என்று மெய்ப்பிக்கப் பொருள் செலவிடுமா? விலை மலிந்த மாத்திரை ஒன்றே போதும் என்று காட்ட, விலை உயர்ந்த மருந்து விற்பவன் முனைவானா? எல்லா மக்களுக்கும் பொறுப்பேற்ற துறைக்கு மட்டுமே 'எல்லார்க்கும் எங்ஙனம் கிட்டும்?' என்னும் வினா எழும். வினா எழுந்த இடத்தில்தான் விடையும் பிறக்கும். பொது மருத்துவத்துறை என்பது பிறர் கண்டுபிடித்ததை ஏழைக்குப் பகிர்ந்தளிக்கும் அன்னச்சாவடி அன்று. தானே கண்டுபிடிக்கும் அறிவுக்களம் என்பதற்குச் சேத்துப்பட்டே சான்று.

ஆனால், இவ்வாய்வை நாம் சரிவரப் படித்தோமா என்பதே யான் இங்கு எழுப்ப விழையும் வினா.

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றையும் எவரும் எண்ணிவிடுவர். நான்காவதாக 'உழைச்செல்வான்' என ஒருவரை வைத்தாரே, அங்குத்தான் அவர் நுண்மாண் நுழைபுலம் விளங்குகின்றது. நோயாளியின் அருகிருந்து மருந்தைப் பிழையாமல் ஊட்டுபவரே உழைச்செல்வார். அவர் இன்றேல் ஏனை மூன்றும் இருந்தும் பயனில்லை.

சென்னை ஆய்வில் வீட்டு நோயாளர் நலம் எய்தியது தாமே மருந்துண்டதால் அன்று. மருந்து அவர்களுக்கு விலையின்றிக் கிடைத்தது. நலப்பணியாளர் வீடுதேடிச் சென்றனர், முன்னறிவிப்பின்றிச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர், மருந்து உட்சென்றதா என்று சிறுநீரை ஆய்ந்தனர், வாராதவரைத் தேடிப்பிடித்தனர். நோயாளி மருத்துவமனைக்குள் போகவில்லை. மருத்துவமனையே நோயாளியின் வீட்டுக்குள் வந்தது. அதே நடுவம் கிழமைக்கு இருமுறை, பணியாளர் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையையும் ஆய்ந்து 1964-இல் வெளியிட்டது. கிழமைக்கு இருமுறை என்னும் அளவு பின்னர் வழக்கொழிந்தது. நாள்தோறும் உண்பதே இன்றைய முறை. ஆயின், கண்முன் ஊட்டல் என்னும் நெறி, 1990-களில் உலக நலவாழ்வு அமைப்பு நாடுகளுக்கெல்லாம் வகுத்த திட்டத்தின் ஓர் உறுப்பாயிற்று. வள்ளுவரின் நான்காம் கூறு அது.

இந்நான்காம் கூற்றைத்தான் ஆள்வோர் எளிதில் மறந்தனர். 'வீட்டிலேயே நோய் தீரும்' என்னும் முடிவை, 'வீட்டுக்கு அனுப்பிவிட்டால் போதும்' எனச் சுருக்கிக்கொள்வது செலவு குறைப்போர்க்கு இனிப்பானது. 'ஊட்டக் குறைவிலும் மருந்து வேலை செய்தது' என்பதை, 'ஊட்டம் வேண்டுவதில்லை' எனத் திரித்துக்கொள்வதும் அத்தகையதே. ஆய்வு அவ்வாறு கூறவில்லை. பொதுவாகப் படுக்கை தேவையில்லை என்றால், எவருக்குமே தேவையில்லை என்பது பொருளன்று. எழுந்து நிற்கவும் இயலாது எலும்பும் தோலுமாய் வருபவரிடம் மாத்திரைப் பொட்டலத்தை நீட்டி வீட்டுக்கு விடுத்தால், மருந்து வேலை செய்யுமுன்னே கூற்றுவன் தன் வேலையை முடித்துவிடுவான். காசநோய் இறப்புகளில் பெரும்பங்கு பண்டுவம் தொடங்கிய முதலிரு திங்களுக்குள் நிகழ்கின்றது.

இப்பிழையைத் திருத்தும் வழியும் மீண்டும் நம் பொதுத்துறையிலிருந்தே வந்தது. 2022 ஏப்பிரலில் தமிழக அரசு, சென்னையிலுள்ள நோய்ப்பரவலியல் நிறுவனத்தின் துணையோடு, காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைச் சென்னை நீங்கலான மாவட்டங்களில் தொடங்கியது. இதில் விலையுயர்ந்த கருவி யாதும் இல்லை. நோய் உறுதிப்பட்டவுடன் பணியாளர் சிலவற்றைப் பார்க்கின்றார்: உயரத்துக்கேற்ற எடை உண்டா, கால் வீங்கியுள்ளதா, மணித்துளிக்கு எத்துணை மூச்சு, குருதியில் உயிர்வளி எவ்வளவு, பிறர் துணையின்றி நிற்க இயலுமா? எடைக்கருவியும் உயரக்கோலும் விரலில் மாட்டும் சிறுகருவியுமே போதும். நிலை கடுமையானவரை உடனே மருத்துவமனையிற் சேர்த்துப் பேணல் வேண்டும் என்பது திட்டம். எவருக்குப் படுக்கை வேண்டா என்று 1956-இல் தொடங்கிய ஆய்வு காட்டிற்று. எவருக்குப் படுக்கை வேண்டும் என்று 2022-இன் திட்டம் காட்டுகின்றது. ஒன்றற்கொன்று முரணன்று, ஒன்றை ஒன்று நிறைவு செய்வது.

ஊட்டத்தின் செய்தியும் அத்தகையதே. சார்க்கண்டு மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடந்து 2023-இல் வெளியான ஆய்வொன்றில், சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கு கொண்டது. நோயாளியோடு வாழும் வீட்டாருக்குத் திங்கள்தோறும் அரிசியும் பருப்பும் நுண்ணூட்டமும் கொடுத்தனர். அதனால் அவர்களிடையே புதிதாய்க் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. தொற்றும் தன்மையுடைய நுரையீரல் நோய் 48 விழுக்காடு குறைந்தது. சோறும் பருப்பும் மருந்தாயின! நடுவணரசு 2018 முதல் நோயாளிக்குத் திங்களுக்கு 500 உருபாவும், 2024 நவம்பர் முதல் 1,000 உருபாவும் ஊட்டத்துக்கென வழங்குகின்றது. நல்லதே. ஆனால், அது நோயாளிக்கு. அதே பானையில் பங்குண்ணும் மனைவிக்கும் மக்களுக்கும் யாது செய்தோம்?

உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்திய நாட்டினர். இந்நாட்டில் இந்நோயை ஒழிக்கும் திட்டத்தின் களப்பணியாளருட் பலர் ஒப்பந்தப் பணியில் உள்ளோர். வெயிலில் தெருத்தெருவாய் நடந்து, கதவு தட்டி, மாத்திரை எண்ணி, நோயாளியின் சினத்தையும் அழுகையையும் தாங்குபவர் அவர். அவர்தாம் உழைச்செல்வார். மாளிகை கட்டவும் கருவி வாங்கவும் பொருள் உண்டு. கருவிக்குத் திறப்புவிழாவும் உண்டு. வீடுதேடிச் செல்லும் செவிலிக்கு நிலைத்த பணியும் நேரிய ஊதியமும் தருவதற்கு மட்டும் கருவூலம் வறண்டுவிடுகின்றது. கருவியைப் படம்பிடித்துக் காட்டலாம். நோய் வாராது காத்த நடையைப் படம்பிடிக்க இயலாதன்றோ?

எனவே நாம் கேட்க வேண்டுவன பெரியன அல்ல. களப்பணியாளரை நிலைப்படுத்துக. நோயாளி வீட்டார் அனைவர்க்கும் பண்டுவக் காலம் முழுவதும் பொதுவழங்கல் கடைவழி அரிசியும் பருப்பும் கூடுதலாக அளித்திடுக. கடுநோயாளர்க்குரிய படுக்கையை எந்தக் கணக்கையும் காட்டிக் குறைக்காதிருக்க. இவற்றை விடுத்துப் பொது மருத்துவத்தைச் சிறிது சிறிதாய் வணிகர் கையில் ஒப்படைப்பின், மருத்துவமனைகள் எஞ்சலாம், மருந்தும் எஞ்சலாம். 'எல்லார்க்கும் எங்ஙனம் கிட்டும்?' என்னும் வினா எஞ்சாது. அவ்வினா மறையும் நாளில், சேத்துப்பட்டில் பிறந்தது போன்ற விடையும் இம்மண்ணில் மீண்டும் பிறவாது.