200 மெகாபிக்சல் வாங்கும் முன் மூன்று கேள்விகள்

சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பெண் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். படிவம் 4 மாணவி; பள்ளி ஊடக மன்றத்தின் செயலாளர். பள்ளி மண்டபத்தில் நடந்த பூப்பந்துப் போட்டியைக் காணொளியாக எடுத்திருந்தாள். தோழி 'ஸ்மாஷ்' அடிக்கும் இடத்தில் படத்தை நிறுத்திக் காட்டினாள். நேராக இருக்க வேண்டிய மட்டை வாழைப்பழம்போல் வளைந்திருந்தது. காணொளியை ஓடவிட்டால் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஊர்ந்துகொண்டே இருந்தன.

"அங்கிள், இந்த ஃபோன் சரியில்ல. 200 மெகாபிக்சல்ல ஒன்னு வந்திருக்கு. அப்பாகிட்ட கேட்டிருக்கேன். வாங்கலாம்தானே?"

அவளுடைய அப்பா தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். மகள் கேட்டுவிட்டால், மிகைநேர வேலை செய்தாவது வாங்கிக் கொடுத்துவிடுவார். அதனால்தான் 'வாங்கலாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாணவர்களே, உங்களில் பலர் வீட்டிலும் இதே பேச்சு நடந்திருக்கும். ஆண்டுக்கு ஆண்டு புதிய கைப்பேசிகளும் கேமராக்களும் வருகின்றன. ஒவ்வொரு விளம்பரமும் பழையதைக் குப்பை என்று நம்ப வைக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய கருவிகளுக்கு நான் எதிரி அல்லன். அவற்றில் சில உண்மையான அறிவியல் சாதனைகள். ஆனால் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த எண்ணைப் பார்த்துக் கருவி வாங்குவது தவறு. அது இயற்பியலின் எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது, அந்தச் சிக்கல் எனக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே சரி. அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: எவ்வளவு ஒளி சேர்கிறது?

படிவம் 5 இயற்பியலில் ஒளிமின் விளைவைப் படிப்பீர்கள். 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கியது அது. கேமராவுக்குள் நடப்பது அதன் நெருங்கிய உறவு. ஒளித்துகளான ஃபோட்டான் சிலிக்கனில் படுகிறது. ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. அந்த எலக்ட்ரான்கள் பிக்சல் என்ற சிறு குழியில் சேர்கின்றன. கருவி அவற்றை எண்ணுகிறது. அந்த எண்ணிக்கைதான் படம்.

மழையில் வாளி வைப்பதைப்போல இதை நினைத்துக்கொள்ளுங்கள். துளிகள் ஒழுங்காக வரிசையில் வந்து விழுவதில்லை. சராசரியாக 100 துளிகள் விழும் நேரத்தில் ஒரு வாளியில் 92 விழலாம், அடுத்ததில் 109 விழலாம். ஏற்ற இறக்கம் ஏறக்குறைய எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவு இருக்கும். 100க்கு வர்க்கமூலம் 10. அதாவது 10 விழுக்காடு தடுமாற்றம். 10,000 ஃபோட்டான் சேர்ந்தால் வர்க்கமூலம் 100. தடுமாற்றம் 1 விழுக்காடுதான். இரவில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் தெரிகிறதே, அதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஒளி குறைவாகச் சேர்ந்தால் படம் சொரசொரப்பாகும்.

இப்போது 200 மெகாபிக்சலுக்கு வருவோம். 2023 பிப்ரவரியில் சாம்சுங் வெளியிட்ட கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவில் அந்த எண் இருந்தது. அதன் படவுணரி ஏறக்குறைய 10 மி.மீ. நீளம், 7 மி.மீ. அகலம், சுண்டுவிரல் நகத்தின் அளவு. அதற்குள் 20 கோடி பிக்சல்களை அடைக்க வேண்டுமானால் ஒவ்வொன்றின் பக்கமும் 0.6 மைக்ரோமீட்டர்தான் இருக்க முடியும். பச்சை ஒளியின் அலைநீளமே ஏறக்குறைய 0.55 மைக்ரோமீட்டர். வாளியின் வாய் ஓர் ஒளியலையின் அளவுக்குச் சுருங்கிவிட்டது! அதுமட்டுமல்ல. ஒளி ஓர் அலை என்பதால் லென்ஸ் துளை வழியாக வரும்போது சற்றுப் பரவுகிறது. எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும், ஒரு புள்ளி ஒளி அங்கே 2 மைக்ரோமீட்டருக்கும் அதிக அகலமுள்ள வட்டமாகத்தான் விழும். அந்த வட்டம் பல பிக்சல்களை ஒன்றாக மூடிவிடும்.

பொறியாளர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்தக் கைப்பேசி சாதாரணமாகப் படம் எடுக்கும்போது 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து ஏறக்குறைய 12 மெகாபிக்சல் படமாகத் தருகிறது. அது புத்திசாலித்தனமான வேலை. குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது 12 அன்று, 200.

'1 அங்குலம்' என்ற எண்ணையும் பாருங்கள். 2023 அக்டோபரில் வந்த டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 என்ற சிறு காணொளிக் கருவியின் படவுணரியை அப்படித்தான் அழைக்கிறார்கள். அடிக்கோலை வைத்து அளந்தால் எந்தப் பக்கமும் 1 அங்குலம் இராது. அந்த வகை உணரியின் அளவு 13.2 மி.மீ. × 8.8 மி.மீ. அந்தக் காலத் தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் விட்டத்தை வைத்து வந்த பெயர் அது. குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆகவே பெயரை நம்பாமல் மி.மீ. அளவைத் தேடி, பரப்பளவைப் பெருக்கிப் பாருங்கள். மேலே சொன்ன கைப்பேசி உணரி 70 சதுர மி.மீ.க்குச் சற்று மேல். இது 116. முழுச்சட்டக் கேமராவின் உணரி 36 × 24, அதாவது 864.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு வேகமாகப் படிக்கிறது?

மட்டை ஏன் வளைந்தது? பெரும்பாலான கேமராக்கள் படம் முழுவதையும் ஒரே நொடிப்பொழுதில் பதிவு செய்வதில்லை. மேல் வரிசையிலிருந்து தொடங்கி, வரிசை வரிசையாகக் கீழே இறங்கிப் படிக்கின்றன. இதை 'ரோலிங் ஷட்டர்' என்பார்கள். இறங்கி முடிக்க 1/100 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அது மிகக் குறைந்த நேரம்போல் தோன்றும். நம் நாட்டு ஆட்டக்காரர் டான் பூன் ஹியோங் 2013இல் ஒரு சோதனையில் மணிக்கு 493 கி.மீ. வேகத்தில் ஸ்மாஷ் அடித்து உலகச் சாதனை படைத்தார். கணக்குப் போடுங்கள்: வினாடிக்கு ஏறக்குறைய 137 மீட்டர். 1/100 வினாடியில் பந்து 1.37 மீட்டர் பறந்துவிடும். பள்ளி மாணவி அடிப்பது அவ்வளவு வேகம் இல்லைதான். இருந்தாலும், மேல் வரிசை மட்டையின் நுனியைப் பார்த்த நேரம் வேறு, கீழ் வரிசை கைப்பிடியைப் பார்த்த நேரம் வேறு. அந்த நேர வேறுபாடுதான் வளைவாகத் தெரிகிறது.

இந்தச் சிக்கலைத் தீர்த்ததுதான் 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஏ9 III. முழுச்சட்ட உணரியின் எல்லாப் பிக்சல்களையும் ஒரே கணத்தில் பதிவு செய்யும் 'குளோபல் ஷட்டர்' கொண்ட உலகின் முதல் கேமரா அது. ஒரு வினாடியின் 80,000இல் ஒரு பங்கு நேரத்தில் அதனால் ஒரு படம் எடுக்க முடியும். அந்த நேரத்தில் டான் அடித்த பந்து 2 மி.மீ.கூட நகர்ந்திருக்காது. 2024 ஜூனில் வந்த நிக்கான் இசட்6 III வேறு வழியில் போனது. உணரியோடு சேர்ந்த மின்சுற்றை மேம்படுத்தி, வரிசைகளைப் படிக்கும் நேரத்தைக் குறைத்தது. இவை வெறும் எண் விளையாட்டு அல்ல. விளையாட்டுப் படம் எடுத்துப் பிழைப்பவருக்கு இவை உண்மையான விடைகள்.

ஏ9 III எத்தனை மெகாபிக்சல் தெரியுமா? 24.6 மட்டுமே! அதன் ஒரு பிக்சலின் பரப்பு அந்தக் கைப்பேசியின் ஒரு பிக்சலைவிட ஏறக்குறைய 100 மடங்கு பெரியது.

மூன்றாவது கேள்வி: பதிலுக்கு எதை இழக்கிறது?

இயற்பியலில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. எல்லாப் பிக்சல்களும் ஒரே கணத்தில் பதிவானாலும், அவற்றை எண்ணி முடிக்கும்வரை எலக்ட்ரான்களைப் பத்திரமாக வைத்திருக்க ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் தனி இடம் வேண்டும். இருக்கும் இடத்தில்தான் அதையும் ஒதுக்க வேண்டும். அதனால் பிக்சல் தாங்கும் ஒளியின் அளவு குறைகிறது. ஏ9 III-இன் அடிப்படை ஐஎஸ்ஓ 250 என்பதற்குப் பின்னால் இருப்பது இதுதான். முந்தைய ஏ9 II-இல் அது 100. மிகப் பிரகாசமான வானத்தையும் இருண்ட நிழலையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டியவருக்கு இந்த வேகத்தால் பெரிய பயன் இல்லை. விலையோ அறிவித்தபோது ஏறக்குறைய 6,000 அமெரிக்க டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் 28,000 ரிங்கிட்டுக்குப் பக்கம், லென்ஸ் தனி.

ஒரு கருவியைப் பற்றிப் பேசும் காணொளியில் மூன்றாவது கேள்விக்கு விடையே வரவில்லை என்றால், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது விளம்பரம்.

அந்த மாணவியின் காணொளிக்கு என்ன வழி?

கறுப்புப் பட்டைகளுக்கும் ஃபோனின் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இரண்டு முறை உச்சத்தைத் தொடுவதால் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது. வரிசை வரிசையாகப் படிக்கும் கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 வினாடியில் நிறுத்திவிட்டால் ஒவ்வொரு வரிசைக்கும் முழுத் துடிப்புகளே கிடைக்கும், பட்டைகள் மறைந்துவிடும். கைப்பேசியில் கேமராவின் 'புரோ' பகுதியில் அதை மாற்றிக் காட்டினேன். அவள் வீட்டு எல்இடி விளக்கின் கீழேயே பட்டைகள் போயின. 200 மெகாபிக்சல் ஃபோனை வாங்கியிருந்தாலும் இதே அமைப்பைத்தான் மாற்றியிருக்க வேண்டும்.

மட்டை வளைவுக்கு அவளே ஒரு வழி கண்டாள். வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்டப் பதிவு அவள் ஃபோனில் இருந்தது. 240 படம் எடுக்க வேண்டுமானால் ஒவ்வொன்றையும் 1/240 வினாடிக்குள் படித்து முடித்தாக வேண்டும். நேரம் குறைந்தால் வளைவும் குறையும். ஆனால் ஒளி சேர்வதற்கான நேரமும் குறைகிறதே? மண்டபத்து விளக்கு போதாது. பட்டைகளும் திரும்ப வந்துவிடும். அதனால் சனிக்கிழமை காலை, காற்று எழும் முன், குடியிருப்புப் பகுதியின் திறந்தவெளித் திடலில் தோழியை அடிக்க வைத்து எடுத்தாள். சூரியன் வினாடிக்கு 100 முறை துடிப்பதில்லை. வளைவு முழுதும் போகவில்லை. ஆனால் மட்டை மட்டையாகத் தெரிந்தது, பந்தின் இறகுகள்கூடத் தெரிந்தன.

இங்கே நீங்கள் ஓர் எதிர்க்கேள்வி கேட்கலாம். 'வசதி இல்லாதவனுக்குச் சொல்லும் ஆறுதல்தானே இது? நல்ல கருவி இருந்தால் படம் நன்றாக வரும் என்பது உண்மைதானே?' நியாயமான கேள்வி. பெரிய உணரி அதிக ஒளியைச் சேர்க்கும் என்று நானே மேலே கணக்குப் போட்டுக் காட்டினேன். இரவில் பறவைகளைப் படம் எடுக்க விரும்பும் மாணவனிடம் 'ஃபோனே போதும்' என்று சொன்னால் அது பொய். ஆனால் தன் சிக்கல் எது என்று தெரியாமல் வாங்குபவன், வாங்கிய பிறகும் அதே சிக்கலோடுதான் இருப்பான். கணக்குப் போட்டுப் பார்த்து, 'என் ஃபோனால் இது முடியாது, இத்தனை மடங்கு ஒளி வேண்டும்' என்று எண்ணோடு சொல்லும் மாணவனுக்கு வாங்கிக் கொடுப்பது வீண் செலவு ஆகாது.

பள்ளி ஊடக மன்றங்களுக்கும் இதையே சொல்வேன். இருக்கும் நிதி முழுவதையும் ஒரே கேமராவில் போட்டு, அதை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். முதலில் ஒரு முக்காலியும் ஒரு சிறு ஒலிவாங்கியும் வாங்குங்கள். பேசுபவரிடமிருந்து 2 மீட்டர் தள்ளியிருக்கும் ஒலிவாங்கியை 50 செண்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், நேராக வந்து சேரும் ஒலியின் செறிவு 16 மடங்கு கூடும். எந்தப் புதுக் கேமராவும் அந்த வித்தியாசத்தைத் தராது.

இந்த வாரம் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். சுழலும் மின்விசிறியை எல்இடி விளக்கின் கீழ் 1/50, 1/100, 1/1000 வினாடி என மூன்று வேகங்களில் படம் எடுங்கள். இறக்கை எப்படித் தெரிகிறது, பட்டை எப்போது வருகிறது, படம் எப்போது சொரசொரப்பாகிறது என்று அட்டவணை போடுங்கள். உங்கள் கருவியின் எல்லை எது என்று அந்த ஒரு பக்கம் சொல்லிவிடும்.

பக்கத்து வீட்டுப் பெண் தன் அட்டவணையை அப்பாவிடமும் காட்டினாளாம். புதிய ஃபோன் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. "எஸ்பிஎம் முடியட்டும்பா. எது வேணும்னு நானே கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்றாளாம். அப்படி அவள் கணக்கோடு வரும் நாளில், 'வாங்கிக் கொடுங்கள்' என்று முதலில் சொல்பவன் நானாகத்தான் இருப்பேன்.