எந்தத் தோட்டான்னா கேக்குறீங்க?

மகாபலிபுரம் சுத்திட்டு நம்ம வேர்க்கடலைக் கொல்லையை எட்டிப் பாக்குற சென்னை நண்பர்கள், பன்றி கிளறிப் போட்டதைப் பார்த்ததும் ஒரே யோசனைதான் சொல்றாங்க: "குட்டைக் குழல் ரைஃபிள், .315 தோட்டா, கதை முடிஞ்சுது!"

ஐயா, இது சமதரை. குறி தவறின ரைஃபிள் தோட்டா கிலோமீட்டர் தாண்டிப் போகும். அந்தப் பக்கம் ஊர், பள்ளிக்கூடம், ஈ.சி.ஆர். குழல் குட்டையானா வேகம் கொஞ்சம் குறையும், சத்தம் கூடும், ஆபத்து குறையாது. இங்க பொருந்துறது 12 போர் துப்பாக்கியும் எல்.ஜி. தோட்டாவும், அதுவும் முப்பது மீட்டருக்குள்ள. கொக்கு சுடுற பொடி ரவைக்குப் பன்றி சாகாது. காயத்தோட புதருல கிடந்து, விடியக்காலம் தண்ணி பாய்ச்ச வர்றவனைக் கிழிக்கும்.

சரி, யார் சுடுறது? 2025 ஜனவரியில வந்த அரசு விதிப்படி, காப்புக்காட்டுலேர்ந்து 3 கி.மீ. தாண்டினாத்தான் சுடலாம், அதையும் வனத்துறைதான் செய்யணும். செங்கல்பட்டுல காடு துண்டு துண்டா சிதறிக் கிடக்கு. எந்தக் கொல்லையில நின்னு 3 கி.மீ. அளக்குறது? கேரளாவுல 2022லயே, உரிமம் உள்ளவரை வெச்சுச் சுடச் சொல்ற அதிகாரத்தை ஊராட்சித் தலைவர் கையில குடுத்துட்டாங்க. இங்க வழியத்தவன் ராத்திரியில திருட்டு மின்வேலி போடுறான். சிக்கினது பன்றியா, பக்கத்துக் கொல்லைக்காரனான்னு விடிஞ்சாத்தான் தெரியுது.