வீண்விரயமில்லாச் சவரம்

மீசை கத்தரித்தல், நகம் வெட்டுதல், அக்குள் முடியையும் மறைவிட முடியையும் நீக்குதல் ஆகியவற்றை நாற்பது நாட்களுக்கு மேல் தள்ளிப்போடலாகாது என்பது நபிவழி. ஆகவே தாடி வைத்திருப்போருக்கும் சவரக் கருவி ஆயுள் முழுதும் தேவையே.

சில நாள் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் ரேஸர்களை இதற்காக நாம் ஏன் நாட வேண்டும்? 1904இல் அமெரிக்காவில் ஜில்லெட் காப்புரிமை பெற்ற உலோக ஷேவிங் செட்டின் வழிமுறை எளியது: பிடி நிலைக்கும், பிளேடு மட்டும் மாறும். இருபுறமும் கூரான அந்த பிளேடின் விலை சில ரூபாய்களே. எந்த நிறுவனம் தயாரித்ததாயினும் பொதுவாகப் பொருந்தும். காட்ரிட்ஜ் ரேஸரோ நம்மை ஒரே நிறுவனத்தின் விலைக்குக் கட்டிப்போடுகிறது.

பள்ளத்தூருக்கு அருகே, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தலைமுறை கடந்த பித்தளைப் பாத்திரங்கள் இன்றும் விலைபோகின்றன. பிளாஸ்டிக் ரேஸருக்கு அந்த மதிப்பு கிட்டுமா?

பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 26, 27ஆம் வசனங்கள் கண்டிக்கும் வீண்விரயம் பெருஞ்செலவில் மட்டும் இல்லை. சிறுகச் சிறுக எறிவதிலும் உண்டு.

தேய்ந்த பிளேடுகளைத் தகர டப்பாவில் சேர்த்து, மூடித் தனியே கொடுப்போம். குப்பை அள்ளும் கரங்களைக் காயமின்றிக் காப்பதும் நம் கடமையே.