படம் பழுதன்று

கணினித் திரையில் ஒரு படத்தைக் காண விழைகின்றோம். படம் தோன்றுவதில்லை, 'பிழைகள் உள்ளமையால் இப்படத்தைக் காட்டவியலாது' என்னும் பொருளுடைய ஆங்கில வாக்கியம் ஒன்றே தோன்றுகின்றது. பயர்பாக்ஸ் உலாவியைப் பயன்படுத்துவோர் இதனை நன்கறிவர். இதனைக் கண்டவுடன் உலாவியைப் பழிப்பாரும், கோப்பே கெட்டதெனத் துணிந்து அதனை அழிப்பாரும் நம்மிடையே பலர். இஃது ஆராயாது தீர்ப்புக் கூறுதலாகும் என்பதே எமது கருத்து.

சென்ற ஆண்டில் யாம் சிலர், இரவலாகப் பெற்ற ஓர் ஏட்டுச்சுவடியை ஓலை ஓலையாகப் படமெடுத்து இணையத்தில் ஏற்றினோம். ஒரு படமேனும் திறந்திலது. யாண்டும் அப்பிழை வாக்கியமே. "எல்லாம் கெட்டன, அழித்து இடத்தையேனும் மீட்போம்" என்றார் ஒரு நண்பர். சுவடியோ உரியவரிடம் திரும்பிப் போய்விட்டது. அவர் சொற்படி செய்திருப்பின், அவ்வோலைகளை மீண்டும் காணும் பேறு எமக்குக் கிட்டியிராது.

நல்லூழாக, மற்றொரு நண்பர் அழிக்குமுன் ஆராய்ந்தார். ஜேபெக் கோப்பு ஒவ்வொன்றும் 255, 216 என்னும் இரண்டு பைட்டுகளுடன் தொடங்கும். பிஎன்ஜி கோப்பின் முதற்பைட்டு 137 ஆகும். சுவடியின் முதலோலையைக் கண்டு இஃது இன்ன நூல் என நாம் தெளிவதுபோல, உலாவியும் இம்முதலெண்களைக் கொண்டே இஃது இன்ன வகைப் படம் எனத் தெளிகின்றது. எம் படங்களைச் சர்வரிலிருந்து எடுத்தனுப்பும் பிஎச்பி நிரலின் தலைப்பில் வெற்றுவரி ஒன்று இருந்தது. அவ்வெறுமையும் ஒரு பைட்டாகி ஒவ்வொரு படத்தின் முன்னும் போய் நின்றது. 255 இருக்கவேண்டிய இடத்தில் 10 என்னும் எண்ணைக் கண்டு உலாவி மயங்கிற்று. வரியை நீக்கினோம், ஓலைகள் அனைத்தும் தோன்றின.

ஆகவே, படம் தோன்றாதவிடத்து முறையாக ஆராய்தல் வேண்டும். முதற்கண் மூலக்கோப்பை நம் கணினியிலேயே திறந்து பார்த்தல் நன்று. அங்கே அது செவ்விதாயின், பழுது வழியில் உள்ளது. அடுத்து, படத்தின் முகவரியைத் தனியே திறந்து, சர்வர் தரும் எண்ணை நோக்குக. 404 எனின் அம்முகவரியிற் கோப்பில்லை. 403 எனின் அனுமதியில்லை. 500 எனின் சர்வரே இடறிற்று. 404 என்பதற்குப் பலகாலும் பெயரே காரணமாகும். லினக்ஸ் சர்வர் கோப்புப்பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகக் கொள்ளும். விண்டோஸ் பொதுவாக ஒன்றாகவே கொள்ளும். அவ்வேறுபாடில்லாத தமிழெழுத்திற் பழகிய கண்களுக்கு இப்பிழை எளிதிற் புலப்படுவதில்லை.

பெயரை மாற்றுதலாற் பொருள் மாறாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஐபோன்கள் 2017 முதல் ஹெயிக் என்னும் வடிவிற் படங்களைச் சேமித்து வருகின்றன. அத்தகைய கோப்பின் பெயரிறுதியை மட்டும் ஜேபெக் என மாற்றினால், அது ஜேபெக் ஆகிவிடாது. அதற்குரிய மென்பொருளால் வடிவத்தையே மாற்றுதல் வேண்டும்.

இவையெல்லாம் பொறியியலார்க்குரியன, தமிழ் மாணாக்கர்க்கு இவற்றால் ஆவதென்னை எனச் சிலர் வினவலாம். நமக்கே இது மிகவும் உரியது என்போம். பிரதிகளை ஒப்புநோக்கி, ஏடெழுதினோன் பிழையை நூலாசிரியன் தலையிற் சுமத்தாது காத்தலன்றோ நாம் பயிலும் பதிப்புமுறை? 'படத்திற் பிழை' என உலாவி கூறினும், அப்பிழை படத்தினதோ, அதனைக் கொண்டுவந்த வழியினதோ என நாடுதலும் அம்முறையே. உலாவி அமைப்போரும், பிழை யாண்டுள்ளது என ஒரு சொல் மிகுத்துரைப்பின் பெரிதும் நலமாம். அவர் உரைப்பினும் உரையாவிடினும், காரணம் காணுமுன் மூலத்தை அழியாதிருத்தல் நம் கடனாகும்.