கூரையில் ஏறிய விதை

'நாட்டு விதை' என்று இப்போ பட்டணத்தில் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். விற்கட்டும். முத்தின பீர்க்கங்காயைக் கூரையிலேயே காயவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி, சுரைக்குடுக்கையில் அடைத்துக் காத்ததில் சேரிப் பெண்களின் கை இல்லையா?

நாகை மாதிரி கடலோரத்தில் வெக்கையும் புழுக்கமும் சேர்ந்தே அடிக்கும். ராத்திரியும் சூடு தணியலைன்னா தக்காளி பூவை உதிர்த்துடும். வெண்டை, புடலை, பீர்க்கு, காராமணி தாங்கும். நாட்டு அவரையை ஆடியில் போடுங்கள். பகல் குறுகினால்தான் அது பூக்கும், சித்திரையில் போட்டால் கொடிதான் மிஞ்சும். வீரிய ஒட்டுக் காயில் எடுத்த விதை தாய் மாதிரி வராது, வருசா வருசம் கடைக்கு ஓடணும். அதனால் உங்கள் கொல்லையில் நோய் விழாமல் நின்ற செடிக்கு அடையாளம் கட்டி, நல்ல காயைத் தின்னாமல் விதைக்கு விடுங்கள்.

விதையைச் சேர்த்துவைக்க, பகிர, வணிகப் பெயரில்லாமல் விற்க விவசாயிக்கு 2001-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. ஆனால் நிலம்? சுரையையும் பீர்க்கையும் கூரையில் ஏத்தினோமே, ஏன்? வேர் ஊன்ற ஒரு சாண் மண்தான் நமக்கு இருந்தது. 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் இன்று யார் யார் பட்டாவில் கிடக்கு? இந்த ஆடிக்கு முன்னால் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள்.