கடைச் சாவி யாருடைய கையில்?



நம்மூர்ச் சிறு வியாபாரிகளுக்கும், வீட்டிலிருந்து தொழில் செய்யும் சகோதரிகளுக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் பணத்தோடு சம்பந்தப்பட்டது என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

பெருநாள் சீசன் நெருங்கினால் "உங்கட பிஸ்னஸ ஒன்லைன்ல தூக்கித் தாறம்" என்று மெசேஜ் வராத கடைக்காரர் இன்று இல்லை. மாதம் இவ்வளவு ரூபா, இத்தனை போஸ்ட், இத்தனை ஆயிரம் லைக் என்று ஒரு பெக்கேஜ் அனுப்புவார்கள். இந்தத் தொழிலை நேர்மையாகச் செய்யும் தம்பிமார் நம்மூரிலேயே இருக்கிறார்கள். அவர்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். இந்தப் பதிவு அவர்களுக்கு எதிரானதல்ல. ஏமாற்றுகிறவர்களால் முதலில் பெயர் கெடுவது அவர்களுக்குத்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு தாத்தா வீட்டில் அபாயா தைத்து விற்கிறார். நான்கு வருடமாகத் தன் கையாலேயே பேஸ்புக் பேஜை வளர்த்தவர். ஓர் ஏஜென்சி வந்தது. "பாஸ்வேர்டைத் தாங்க, மற்றதெல்லாம் நாங்க பார்க்கிறம்" என்றார்கள். கொடுத்தார். மூன்று மாதம் காசும் கட்டினார். லைக் ஏறியது, ஓடர் ஏறவில்லை. "போதும், நிப்பாட்டுவம்" என்று சொன்ன அன்றுதான் விஷயம் தெரிந்தது. பேஜில் அட்மினாக இருந்தது அவர்கள் மட்டும். இவருடைய பெயரை நீக்கியிருந்தார்கள். திருப்பித் தருவதற்கு இன்னொரு தொகை கேட்டார்கள்.

அவர் கட்டிய காசைவிடப் பெரிய நட்டம் எது என்று யோசியுங்கள். நான்கு வருடப் படங்கள், வாடிக்கையாளர்கள் எழுதிய நல்ல வார்த்தைகள், அளவும் விலாசமும் அனுப்பிய நூற்றுக்கணக்கான பெண்களின் மெசேஜ்கள், எல்லாம் இப்போது முகம் தெரியாத ஆட்களின் கையில். வீட்டார் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பொம்புளப் புள்ள, பொலிஸ் கிலிஸ் எண்டு அலையாம உடு." அவரும் விட்டுவிட்டார். இந்த மோசடிக்காரர்களுக்கு முதல் போட்டுக் கொடுப்பது நம்முடைய இந்த மௌனம்தான்.

என் கருத்தை நேரடியாகச் சொல்கிறேன். பேஜ் என்பது தொழில்நுட்ப விஷயம் அல்ல, அது சொத்து. கடைக்கு வெள்ளை அடிக்க வந்தவரிடம் கடைச் சாவியையும் உறுதியையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக மாட்டோம். ஒன்லைனில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

அதனால் யாரோடு வேலை செய்தாலும் பின்வரும் விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

1. பாஸ்வேர்டும் ஓ.டி.பி. இலக்கமும் எவருக்கும் வேண்டாம். விளம்பரம் செய்ய உங்கள் பாஸ்வேர்ட் தேவையே இல்லை. பேஸ்புக்கில் முழுக் கட்டுப்பாட்டை நீங்கள் வைத்துக்கொண்டு, போஸ்ட் போடவும் விளம்பரம் ஓட்டவும் மட்டும் அவர்களுக்கு அனுமதி கொடுக்கலாம். வேலை முடிந்ததும் அந்த அனுமதியை நீங்களே நீக்கலாம். முழுக் கட்டுப்பாடு உள்ள எவரும் உங்களையே வெளியேற்றலாம் என்பதை மறக்க வேண்டாம். ஏஜென்சிகள் தங்கள் பிஸ்னஸ் கணக்கில் உங்கள் பேஜைச் 'சேர்த்துக்கொள்வது' வேறு, உங்களிடம் 'அனுமதி கேட்பது' வேறு. முன்னையதில் பேஜ் அவர்களுடைய கணக்கின் சொத்தாகிவிடும். அனுமதி கேட்பதற்கு மட்டும் சம்மதியுங்கள்.

2. கூகுள் மெப்பில் உங்கள் கடையைப் பதிவது இலவசம். "பதிவைப் புதுப்பிக்காவிட்டால் கடை மெப்பில் இருந்து நீக்கப்படும், காசு கட்டுங்கள்" என்று கோல் வந்தால் வைத்துவிடுங்கள். அங்கும் உரிமையாளர் நீங்களாக இருங்கள், வேலை செய்பவரை மெனேஜராக மட்டும் போடுங்கள். வெப்சைட் செய்தால் அதன் பெயர் உங்கள் பெயரிலும் உங்கள் ஈமெயிலிலும் பதிவாகியிருக்க வேண்டும். வட்ஸ்அப் இலக்கமும் உங்கள் அடையாள அட்டையில் எடுத்த சிம்மாக இருக்கட்டும்.

3. விளம்பரக் காசையும் கூலியையும் பிரித்துக் கேளுங்கள். மாதம் 25,000 ரூபா என்றால் அதில் பேஸ்புக்குக்குப் போவது எவ்வளவு, அவர்களுடைய உழைப்புக்கு எவ்வளவு? 5,000 ரூபாவுக்கு பூஸ்ட் பண்ணிவிட்டு மிச்சத்தையும் விளம்பரச் செலவு என்று காட்டினால் உங்களுக்கு எப்படித் தெரியும்? பேஸ்புக் எடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரிசீட் கொடுக்கிறது. உங்களிடம் காட் இல்லாமல் அவர்களுடைய காட்டில் செலுத்தினாலும் அந்த ரிசீட்டைக் கேளுங்கள். ஸ்கிரீன்ஷொட்டில் இலக்கத்தை மாற்றுவது ஒரு நிமிட வேலை. அதனால் விளம்பரக் கணக்கை உங்கள் போனிலேயே திறந்து பாருங்கள். விளம்பரம் உண்மையிலேயே ஓடுகிறதா என்பதை மெட்டாவின் அட் லைப்ரரியில் உங்கள் பேஜின் பெயரைத் தேடி யாரும் பார்க்கலாம்.

4. லைக்கை எண்ணாதீர்கள், ஓடரை எண்ணுங்கள். மருதமுனையில் கைத்தறிச் சாரன் விற்பவருக்கு, கப்பல் ஏறினாலும் சாரன் போய்ச் சேராத நாட்டில் இருந்து பத்தாயிரம் லைக் வந்து என்ன பயன்? விலைக்கு வாங்கிய லைக் வீண் மட்டுமல்ல, கேடும் கூட. போஸ்டைப் பார்க்கிறவர்கள் அதில் ஆர்வம் காட்டாவிட்டால் பேஸ்புக் அதை மற்றவர்களுக்குக் காட்டுவதும் குறையும். உங்கள் பின்தொடர்வோர் எந்த ஊர், எந்த நாடு என்று பேஜின் இன்சைட்ஸ் பகுதியில் இருக்கிறது. இன்றே பாருங்கள். ஓடர் தருகிறவரிடமும் "எங்க பார்த்து வந்தீங்க?" என்று கேட்டு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். எந்த ஏஜென்சி ரிப்போட்டை விடவும் அந்தக் கொப்பி பெறுமதியானது.

5. "கூகுளில் முதலிடம் கேரண்டி" என்று சொல்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. அதே போல, பொய்யாக ஐந்து நட்சத்திர ரிவியூ எழுதித் தருகிறோம் என்பவர்களையும் விலக்குங்கள். அது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. அந்தப் பாவத்தில் நமக்கும் பங்குண்டு.

6. எழுதிக்கொள்ளுங்கள். என்ன வேலை, எவ்வளவு காசு, எத்தனை மாதம், நிறுத்தினால் எதை எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு பக்கம் போதும். "தெரிஞ்ச பொடியன்தானே, எழுதுறது அவனுக்குக் கொறச்சல்" என்று நினைக்க வேண்டாம். குர்ஆனின் மிக நீளமான வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிச் சாட்சி வைப்பதைப் பற்றியது. எழுதுவது சந்தேகம் அல்ல, இருவருக்கும் பாதுகாப்பு.

ஏற்கனவே ஏமாந்திருந்தால் வட்ஸ்அப் மெசேஜ், வங்கிச் சிட்டை, வொய்ஸ் எதையும் அழிக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்கும் சட்ட அங்கீகாரம் தருகிறது. பணம் வாங்கிவிட்டுச் சொன்ன சேவையைத் தராதது பற்றி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் (1977) கேட்கலாம். பேஜ் கைமாறிவிட்டால் ஸ்ரீ லங்கா சேர்ட் (101) வழிகாட்டும். ஆள் பக்கத்து ஊர்தான் என்றால் மத்தியஸ்த சபையும் இருக்கிறது. வழக்குப் பேச விருப்பம் இல்லாவிட்டாலும் குறைந்தது மற்ற வியாபாரிகளுக்குச் சொல்லுங்கள்.

இனி நம் பக்கத்துக் குறை ஒன்று. "பத்தாயிரம் லைக் எடுத்துத் தருவியா?" என்று முதலில் கேட்பது பெரும்பாலும் நம் வியாபாரிகள்தான். நேர்மையான தம்பி வந்து "லைக் முக்கியம் இல்ல காக்கா, நல்ல படம் எடுப்பம், மூணு மாசம் பொறுமையாச் செய்வம்" என்றால் அவன் விலை கூட, வேலை தெரியாதவன். பொய் சொல்கிறவனுக்குத்தான் அட்வான்ஸ் உடனே கிடைக்கிறது. ஊருக்குள் ஏமாற்று வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் வர்த்தக சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். பாடசாலைகளில் ஐ.சி.ரி. ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர்கள் தங்கள் போனைக் கொண்டுவந்து, பேஜ் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்துகொண்டு போகட்டும். பெண்களுக்குத் தனியாக, பெண் ஆசிரியைகளை வைத்துச் செய்யுங்கள். வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள்தான் வெளியே போய்க் கேட்க வழியில்லாமல் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதுவரை இன்றிரவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பேஜின் செட்டிங்கைத் திறந்து, முழுக் கட்டுப்பாடு யார் யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயர் அங்கே இல்லை என்றால் பேச வேண்டிய நேரம் இதுதான், சண்டை வந்த பிறகு அல்ல.

உங்கள் ஹலாலான உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வீட்டிலிருந்து தொழில் செய்யும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.