மருத்துவரின் கையும் செவிலியரின் கையும்

வேங்கிக்காலில் வேலூர்ப் பேருந்துக்காக நிற்பவர்களில் ஒருவர் கையிலேனும் மருத்துவமனைக் கோப்பு இருக்கும். நோய் சற்று முற்றினால் வேலூருக்குக் கொண்டுபோவது எங்கள் பகுதியின் நெடுநாள் வழக்கம். அக்கோப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் இரவு நினைவுக்கு வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் வயிற்றுப்போக்கால் உடல் வற்றி ஒரு மருத்துவமனையில் கிடந்தார். அதன் பெயர் இங்கே தேவையில்லை. பயிற்சி மருத்துவரான இளைஞர் ஒருவர் ட்ரிப்ஸ் ஏற்ற நான்கு முறை ஊசி குத்தினார். நான்கும் பிழைத்தன. இடக்கை வீங்கிவிட்டது. பிறகு வயதில் மூத்த செவிலியர் ஒருவர் வந்தார். வலக்கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, "அம்மா, கையை இறுக்கி மூடிக்கோங்க" என்றார். விரல் நுனியால் அழுத்தி அழுத்தித் தேடினார். ஒரே குத்து, அவ்வளவுதான்.

"நரம்பு கண்ணுக்கே தெரியலையே சிஸ்டர்?" என்றார் இளைஞர்.

"கண்ணால தேடாதீங்க சார், விரலால தேடுங்க."

தம் மகன் வயதினரை அவர் 'சார்' என்றழைத்ததும், நோயாளிக் குறிப்பில் அந்த இளைஞரே கையொப்பமிட்டதும் என் மனத்தை உறுத்தின. இக்கட்டுரை அந்த உறுத்தலிலிருந்து பிறந்தது. மருத்துவ நண்பர்கள் சினம் கொள்ள வேண்டாம்.

கைத்திறன் என்பது எண்ணிக்கையின் பிள்ளை. ஒரே செயலைப் பல்லாயிரம் முறை செய்த விரல், நூலில் படித்த விரலை வெல்வதில் வியப்பில்லை. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர் மூவர் முறைவைத்து இரவும் பகலும் பணியாற்றும் ஏற்பாடு வந்த பிறகு, அங்கே நிகழும் இயல்பான பிரசவங்களில் பெரும்பாலானவற்றை ஏந்தியவை அவர்களுடைய கைகளே. இளம் மருத்துவரின் நிலை வேறு. கைப்பழக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட பயிற்சி ஆண்டிலேயே பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வு அவரை நெருக்குகிறது. கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அத்தேர்வில் விரலுக்கு மதிப்பெண் கிடையாது. அவர் நோயாளியின் கட்டிலைவிட்டுப் புத்தகத்துக்குப் போவதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த இழப்பு என் தாயாரின் கையில் வீக்கமாகத் தெரிந்தது.

அப்படியானால் செவிலியரே மேல் என்று முடித்துவிடலாமா? அதுவும் பிழை. வயிற்றைத் தொட்டு மண்ணீரலின் வீக்கத்தை அறிவதும், நெஞ்சின் ஒலியில் வால்வின் பழுதைக் கேட்பதும் மருத்துவருக்கே கற்பிக்கப்பட்ட கலைகள். ஸ்கேன் சீட்டை நம்பி அவற்றை அவர்கள் கைவிட்டால், அந்த இடத்தை நிரப்ப வேறு கை இல்லை. காக்ரேன் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, முதல்நிலை மருத்துவத்தில் பயிற்சி பெற்ற செவிலியரின் கவனிப்பு மருத்துவருடையதற்கு நிகராகவோ சற்று மேலாகவோ இருக்கக்கூடும் என்றது. ஆயினும் அதிலுள்ள ஆய்வுகள் பெரும்பாலும் செல்வ நாடுகளில் நடந்தவை. ஒரே வார்டில் அளவுக்கு மீறிய நோயாளிகளையும் பதிவேடுகளையும் சுமக்கும் நம் செவிலியருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

வரலாறு ஒரு பாடம் சொல்கிறது. வியன்னா பொது மருத்துவமனையில் 1840களில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. 1841 முதல் 1846 வரை, மருத்துவ மாணவர் பயின்ற பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 தாய்மார் இறந்தனர். மருத்துவச்சிகள் பயின்ற பிரிவில் 4 பேருக்கும் குறைவு. பிணஅறையிலிருந்து நேரே வந்த கைகளே காரணம் என்று செம்மல்வைஸ் கண்டார். 1847இல் குளோரின் கரைசலில் கை கழுவச் செய்ததும் இறப்பு சரிந்தது. ஆயினும் மருத்துவர் பலர் அவர் சொன்னதை ஏற்கவில்லை. தம் கையைவிட மருத்துவச்சியின் கை பாதுகாப்பானது என்ற உண்மை அவர்களுக்குக் கசந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நமக்கு அருகிலேயே வேறொரு முன்மாதிரி உண்டு. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில், பெண் மருத்துவர் இல்லாமல் மடிந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர், பின்னர் மருத்துவம் படித்து வேலூரில் பணி தொடங்கினார். அவர் அங்கே செவிலியர் பள்ளியை நிறுவியது 1909இல். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918இல்தான் வந்தது. செவிலியர் பயிற்சி முந்திக்கொண்ட அந்த வரிசையை நாம் மறந்துவிட்டோம்.

என் வேண்டுகோள் சிறியது. 2019 முதல் நடைமுறையிலுள்ள மருத்துவப் பாடத்திட்டம், மாணவர் இன்னின்ன செயல்களைச் செய்து காட்டினார் என்று குறிப்பேட்டில் சான்று கேட்கிறது. ஊசியேற்றல், சிறுநீர்க் குழாய் பொருத்துதல், இயல்பான பிரசவம் ஆகியவற்றுக்கு நேரே மூத்த செவிலியரின் கையொப்பத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள். பிழை நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்பார்கள். இன்றும் அவர்கள் கற்றுக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஏட்டில் இல்லை என்பதே வேறுபாடு. கற்பிப்பவர் யார் என்று எழுதப்பட்டால் பொறுப்பும் தெளிவாகும், கற்பவரின் தயக்கமும் குறையும்.

அந்த இளைஞர் இன்று எங்கோ நல்ல மருத்துவராக இருப்பார். நரம்பு தெரியாத கையொன்று எதிர்ப்படும்போது அவர் விரலால் தேடுவார் என்று நம்புகிறேன். அதை யாரிடம் கற்றார் என்பதற்கு எந்த ஏட்டிலும் சான்றில்லை.